பி-யில் சிக்கிய கார்

"உஸ்தாஸ் லுத்ஃபி! கீழ வந்து கார எடுங்க! உங்க வீட்டம்மா ஊருக்குப் போகணுமாம்!"

தெருவின் கார்களைப் பார்த்துக்கொள்ளும் ஷாபானின் தொண்டைக்கு மூன்று மாடி ஒரு தூரமே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷுப்ராவில் எங்கள் தெரு பாதி தூங்கிக்கொண்டிருக்கும், பாதி காலைச் சாப்பாட்டுக்கு அவித்த ஃபூல் பயறு வாங்கக் கிண்ணத்தோடு வரிசையில் நிற்கும். இரண்டு பாதிக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

கண்ணைத் திறந்தேன். படுக்கையின் மறுபக்கத்தில் விரிப்பு கலையவே இல்லை. அலமாரியின் மேல் இருந்த பழுப்புப் பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

சொல்லாமல் போகவில்லை. நேற்று இரவே சொல்லியிருந்தாள். "விடியறதுக்குள்ள பதில் சொல்லலைன்னா நான் தந்தாவுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. எப்ப வருவேன்னு கேக்காத, எனக்கே தெரியாது." கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்வதில் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

சுஹைர் இருபத்தாறு வருடமாக என் மனைவி. அதைவிட அதிக வருடமாக வேதியியல் ஆசிரியை. தந்தாவில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வரச் சொல்லி அவளை அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தர வேண்டும். இரண்டு வாரமாக ஒவ்வொரு இரவும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். ஒத்துக்கொள்ளட்டுமா? நீ கூட வருவாயா? ஒவ்வொரு இரவும் நான் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்க் காரில் உட்கார்ந்தேன்.

அந்தக் கார் சுஹைரின் அண்ணன் குவைத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. ஆட்டோமேட்டிக். எங்கள் மகனைவிட இரண்டு வயது மூத்தது. போன வருடம் அவர் புதிது வாங்கியதும் பழையது எங்களுக்கு வந்தது. ஓட்டுவதற்கு அது எனக்குப் பெரிதாகப் பயன்பட்டதில்லை. நிலப்பதிவு அலுவலகத்துக்கு மெட்ரோவில்தான் போகிறேன். ஆனால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முன்சீட்டில் சாய்ந்தால் தெருவின் சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். தலைக்கு மேலிருக்கும் சின்ன விளக்கு சரியாகப் பக்கத்தின் மேல் விழும். நேற்றும் அங்கேதான் இருந்தேன். பள்ளிவாசலில் விடியற்காலை அழைப்பு கேட்ட பிறகுதான் மேலே ஏறி வந்தேன். சுஹைர் வரவேற்பறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. நடைபாதையை ஒட்டி இடம் கிடைக்காதவன் இரண்டாவது வரிசையில் நிறுத்தலாம். ஆனால் நியூட்ரலில் விட வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. சக்கரம் நேராக இருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவன் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெளியே போவான். மகனைக் கொன்றவனைக்கூட இந்தத் தெரு ஒருநாள் மன்னிக்கும். இரண்டாவது வரிசையில் ஹேண்ட் பிரேக் போட்டவனை மன்னிக்காது.

ஆட்டோமேட்டிக்கில்தான் சிக்கல். கியரை பி-யில், அதாவது பார்க்கிங்கில், வைத்தால் ஒழிய சாவி வெளியே வராது. பி-யில் வைத்தால் வண்டி நகராது. அதனால் தெருவிலிருக்கும் நான்கு ஆட்டோமேட்டிக் கார்களின் சாவியும் ராத்திரி ஷாபானின் இடுப்பில் தொங்கும். கார்களைத் தள்ளி, திருப்பி, இடம் செய்து கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. நானும் எப்போதும் கொடுத்துவிடுவேன். நேற்று நான் காரைவிட்டு இறங்கியபோது அவன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டேன். எனக்கு ஒரு நியாயம் இருந்தது. என் கார் இரண்டாவது வரிசையில் மறித்து நின்றது வேறு யாருடைய காரையும் அல்ல, சுஹைரின் காரைத்தான். ஒரு வீட்டுக் கார் அதே வீட்டுக் காரை மறித்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

சுஹைர் தன் வெள்ளைக் காரின் கூரைமேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்சீட்டில் பழுப்புப் பெட்டி. அவள் காருக்கு முன்னால் சுவர், பின்னால் குப்பைத் தொட்டி, பக்கத்தில் என் கார்.

"எடு," என்றாள்.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு முனகல், ஒரு டிக் சத்தம், எதுவும் இல்லை. இன்னொரு முறை. கியரை இழுத்துப் பார்த்தேன். சுவரில் பதித்த கம்பியைப்போல் பி-யிலேயே நின்றது. பிரேக்கை மிதித்துக்கொண்டு இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன்.

"என்னாச்சு?"

"பாட்டரி."

"ம்," என்றாள் சுஹைர். கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

ஷாபான் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "இதுக்குப் போய் ஏன் பாஷா பாட்டரி? கார் தள்ளத்தான நான் பொறந்திருக்கேன்." காரின் பின்பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். கார் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. "ஹேண்ட் பிரேக்க எடுங்க."

"எடுத்தாச்சு."

"அப்ப நியூட்ரல்ல விடுங்க."

"வர மாட்டேங்குது."

ஷாபான் ஜன்னலுக்குள் தலையை விட்டான். கியரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பி-யா? ரெண்டாவது வரிசையில பி-லயா விட்டீங்க? உஸ்தாஸ், நீங்க படிச்சவரு!"

அவன் தாழ்த்திய குரல் முதல் மாடிவரை போனது. அங்கே உம்மு ஹானி பால்கனிக் கம்பியில் துணி உதறிக்கொண்டிருந்தாள். துணி பாதியில் நின்றது.

"நான் அப்பவே நெனச்சேன்! பொம்பள கெளம்பறான்னு தெரிஞ்சு கார குறுக்க போட்டுட்டு மேல போய்ப் படுத்துட்டியா லுத்ஃபி? வாயத் தெறந்து போகாதன்னு சொல்லத் துப்பில்ல, ஒரு டன் இரும்ப விட்டுச் சொல்ல வைக்கிறியா?"

"இல்ல, உம்மு ஹானி, பாட்டரி..."

"என்ன சொல்றான்? எனக்குக் கேக்கல. யாருக்காவது கேட்டுச்சா?"

யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அப்படிப்பட்டது. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் என்னிடம் இரண்டு முறை கேட்பார்கள்.

அந்த நேரத்தில் சுஹைர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாட்டரி செத்துவிட்டது, அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, அவ்வளவுதான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடியில்தான் பள்ளிவாசல். சின்னது. வெள்ளிக்கிழமை கூட்டம் அதற்குள் கொள்ளாது. பதினொன்றேகாலுக்கெல்லாம் வாசலிலிருந்து எங்கள் வீடு தாண்டிப் பச்சைப் பாய்களை விரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை மணிவரை தெருவில் சைக்கிள்கூட நகராது. பாய் விரிக்கும் பொறுப்பு இஸ்திரிக்கடை சப்ரியுடையது. சுருட்டிய பாய்கள் அவன் கடை வாசலில் சாய்ந்திருந்தன. சப்ரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தான். என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனான்.

"நல்ல காரியம் பண்ணீங்க," என்று காதில் சொன்னான்.

"நான் ஒண்ணும் பண்ணல சப்ரி."

"அதுதான் நானும் சொல்றேன். ஒண்ணும் பண்ணாதீங்க. இன்னும் ஒரு மணி நேரம். நான் இன்னிக்குப் பாய சீக்கிரமே விரிச்சிடறேன். தொழுகை முடிஞ்சு, சாப்பாடு ஆகி, கோவம் ஆறி... எங்க வீட்டுல நாலு தடவ பெட்டி கட்டியிருக்கா. நாலு தடவையும் ஏதாவது ஒண்ணு தடுத்துச்சு. ஒரு தடவ மழை."

"சப்ரி, அது உண்மையாவே வேலை செய்யல."

"ஆமா ஆமா," என்று கண்ணடித்தான். "வேலை செய்யல."

பத்து நிமிடத்துக்குள் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பால்கனிகள் எனக்கு எதிர்க்கட்சி. கீழே நின்ற ஆண்கள் என் கட்சி. எதிர்க்கட்சியின் வசவைக்கூடத் தாங்கிவிடலாம். என் கட்சிக்காரர்களின் பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை. ஃபூல் கிண்ணத்தோடு போன ஒருவன், முன்பின் பார்த்ததில்லை, நின்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

"எலெக்ட்ரீஷியனக் கூப்பிடு," என்றேன் ஷாபானிடம்.

"வெள்ளிக்கிழமையா? போன எடுத்து அணைச்சிட்டு செத்த பாம்பு மாதிரி தூங்குவான். அப்லா வண்டியிலருந்து கரெண்ட் எடுப்போம். அப்லா, பானெட்டத் தெறங்க."

சுஹைர் திறந்தாள். ஆசிரியை என்பதால் ஷாபானுக்கும் சப்ரிக்கும் அவள் அப்லா. கேபிள் யாரிடமும் இல்லை. இருந்தவன் மைத்துனனுக்குக் கொடுத்திருந்தான், மைத்துனன் அலெக்சாந்திரியாவில் இருந்தான். சப்ரி கடைக்குள் போய், ரமலானுக்குத் தெருவில் தோரண விளக்கு கட்டும் ஒயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம், அது மெலிசு, தாங்காது என்று சுஹைர் சொன்னாள். இருபது வருடம் ஆய்வுக்கூடம் நடத்தியவள் சொன்னாள். ஷாபான், "நீங்க மனச விடாதீங்க அப்லா," என்று ஆறுதல் சொல்லிவிட்டு இரண்டு முனையையும் செருகினான். பச்சை உறை சுருங்கி, குமிழி விட்டு, புகைந்தது. சப்ரி கையை உதறிக்கொண்டு குதித்தான். தெருவெங்கும் ரப்பர் கருகிய நாற்றம். துணி காயப்போட்டிருந்த எல்லா மாடியிலிருந்தும் சாபம் இறங்கியது.

"சொன்னேன்ல," என்றாள் சுஹைர், யாரிடம் என்றில்லாமல்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணா என்ன?" என்றான் ஒருவன்.

"ஆட்டோமேட்டிக்க தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதுடா கழுத."

"அப்ப தூக்கிடுவோம்."

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பின்பக்கம் நான்கு, முன்பக்கம் நான்கு. ஷாபான் தாளம் கொடுத்தான். காரைக் குலுக்கிக் குலுக்கி, அது மேலே எழும்பும் நேரம் பார்த்து ஓரமாகத் தள்ளுவது எங்கள் தெருவின் கலை. சின்னக் கார்களுக்கு அது செல்லும். குவைத்தில் எண்ணெய் தின்று வளர்ந்த என் கார் நான்கு விரல் நகர்ந்தது. அதுவும் சுஹைரின் கார் இருந்த பக்கமாக. முன்பம்பரின் ஒரு முனை கையோடு வந்துவிட்டது. பிடித்திருந்தவன் அதை என்னிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

மணி பத்தேமுக்கால்.

"அப்லா," என்றான் ஷாபான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அபூத் ஸ்டாண்டுல தந்தா மைக்ரோபஸ் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. பெட்டிய நான் தூக்கிட்டு வரேன்."

"நான் ஏன் மைக்ரோபஸ்ல போகணும்?" சுஹைரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "எங்கிட்ட கார் இருக்கு. பெட்ரோல் இருக்கு. லைசென்ஸ் இருக்கு. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன், பதினாலு பேரோட ஒட்டிக்கிட்டுப் போக? என் கார்லதான் போவேன். இல்லன்னா இங்கயே நிப்பேன். பாய என் காலச் சுத்தி விரிங்க."

"அப்படிச் சொல்லு!" என்றாள் உம்மு ஹானி மேலிருந்து.

நான் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கதவைச் சாத்தினேன். சத்தம் குறைந்தது. எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். மடியில் பம்பர் துண்டு. தெருவிலிருந்த அத்தனை பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஒரே பொய்யை நம்பினார்கள். நான் அவளைப் போகவிடாமல் மறிக்கிறேன் என்று. அது எனக்கு ஏன் இவ்வளவு வலித்தது என்று யோசித்தேன். அவள் போக வேண்டாம் என்று நான் விரும்பியது உண்மை. அதை ஒரு முறைகூட வாயால் சொல்லாததும் உண்மை. இப்போது இந்தக் கார் என் சார்பில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, மிகக் கேவலமான முறையில். அவள் இப்படியே பாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், ஒன்றரை மணிக்குப் போனாலும் நாளைக்குப் போனாலும், இந்த ஒரு காலையைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். அதற்குப் பிறகு அவள் திரும்பி வருவதில் ஒன்றும் இருக்காது.

கை தானாக டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தது. புத்தகம் தேடும் கை அது. நேற்றிரவு படித்தது மேலே வீட்டில் இருந்தது. இங்கே இருந்தவை பழைய ரசீதுகள், ஒரு சீப்பு, பிளாஸ்டிக் உறையில் ஒரு தடித்த கையேடு. காரோடு வந்தது. முன்பாதி அரபி, பின்பாதி ஆங்கிலம். ஒரு வருடமாக இந்தச் சீட்டில் உட்கார்ந்து நான் எவ்வளவு பக்கம் படித்திருப்பேன்! இந்த ஒரு புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

திறந்தேன்.

"படிக்கிறான்!" உம்மு ஹானிக்கு முதல் மாடியிலிருந்தே தெரிந்துவிட்டது. "ஆண்டவனே, படிக்கிறான்! ஊரே தீப்பிடிச்சாலும் படிப்பான்!"

கதவு வெளியிலிருந்து திறந்தது. சுஹைர்.

"இப்பவுமா?" என்றாள். "இப்பவுமா லுத்ஃபி? தெரு முழுக்க நின்னு சிரிக்குது, சப்ரி அங்க பாயத் தூக்கிட்டான், நீ உள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டுப் புக் படிக்கிற? என்ன புக்கு? சொல்லு, எனக்கும் சொல்லு, என்னதான் எழுதியிருக்குன்னு இருபத்தாறு வருஷமா நான் கேட்டதே இல்லையே. வாய்விட்டுப் படி!"

வாய்விட்டுப் படித்தேன்.

"கியர் பி-யிலிருந்து நகராவிட்டால்," என்று ஆரம்பித்தேன்.

"கேக்கல!" என்றது மேல்மாடி.

காரைவிட்டு இறங்கி நின்று, பள்ளியில் ஒப்பிக்கும் மாணவனைப்போல் கத்தினேன். "கியர் பி-யிலிருந்து நகராவிட்டால்! ஒன்று. ஹேண்ட் பிரேக்கைப் போடவும்."

இந்தத் தெருவில் இருபத்தாறு வருடத்தில் என் குரலை இவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"இரண்டு. சாவியைத் திருப்பவும், எஞ்சின் ஓட வேண்டியதில்லை. மூன்று. கியருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய மூடியைத் தட்டையான முனையுள்ள ஒரு கருவியால் நெம்பி எடுக்கவும். நான்கு. உள்ளே தெரியும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை நியூட்ரலுக்கு இழுக்கவும்."

"மூடியா? எந்த மூடி?" ஷாபான் எனக்கு முந்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நானும் மறுபக்கத்திலிருந்து குனிந்தேன். கியருக்குப் பக்கத்தில், நகக்கண் அளவில், சதுரமாக ஒரு கறுப்பு மூடி இருந்தது. ஒரு வருடமாக என் வலது முழங்கைக்குக் கீழே இருந்திருக்கிறது. அதன்மேல் எப்போதோ சிந்திய தேநீரின் சர்க்கரை இறுகிப் போயிருந்தது.

"கத்தி! தட்டையா ஒரு கத்தி!" என்றான் ஷாபான்.

மேலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. உம்மு ஹானி ரொட்டி வாங்க இறக்கும் கூடை. அதற்குள் வெண்ணெய்க் கத்தி ஒன்று. "வளைச்சிடாதீங்க, அது செட்டு!" என்று கத்தினாள்.

கத்தியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். மூடியின் விளிம்பில் கத்தியை நுழைத்தபோது ஷாபான் பக்கத்துச் சீட்டிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். இந்த முறை அவன் குரல் நிஜமாகவே தாழ்ந்திருந்தது.

"உஸ்தாஸ். மணி பதினொண்ணு அஞ்சு. சப்ரி முதல் பாய விரிச்சிட்டான். பத்து நிமிஷம் தடவிக்கிட்டே இருங்க. கத்தி நழுவுதுன்னு நான் சொல்றேன். யாருக்குத் தெரியும்?"

அவன் நல்லவன். எனக்கு நல்லதென்று அவன் நினைத்ததைத்தான் சொன்னான். முன்கண்ணாடி வழியாக சப்ரியின் பச்சைப் பாய் உருண்டு உருண்டு வருவதைப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான வேலைதான் அவன் கேட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதை நான் எவ்வளவு நன்றாகச் செய்வேன்!

"எனக்குத் தெரியும்," என்றேன்.

மூடி எகிறிப் போய் எங்கோ விழுந்தது. ஓட்டைக்குள் வெள்ளையாக ஒரு பொத்தான். கத்திமுனையால் அழுத்தினேன். பிரேக்கை மிதித்தேன். இழுத்தேன். காலையிலிருந்து என் இரண்டு கைக்கும் அசையாத கியர், பாலாடையை விரல் கிழிப்பதுபோல், சத்தமில்லாமல் வந்து நியூட்ரலில் நின்றது.

"தள்ளு!" என்று அலறினான் ஷாபான், இறங்கி ஓடிக்கொண்டே. "சப்ரி, பாயச் சுருட்டு! சுருட்டுடா!"

ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன். கார் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எட்டுப் பேர் தள்ளினார்கள், சுஹைரின் கார் என் ஜன்னலைக் கடந்து பின்னால் போனது. பால்கனிகளில் கைதட்டினார்கள். எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது. என் கட்சிக்காரர்கள் முகம் தொங்கிப்போய் ஃபூல் கடைக்குத் திரும்பினார்கள்.

இறங்கி ஓடினேன். சுஹைர் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி இறக்கி, ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். போகவில்லை. கால் கிளட்சை மிதித்தபடியே இருந்தது.

"சுஹைர், நான் வேணும்னு மறிக்கல."

"தெரியும்."

"பாட்டரி, ராத்திரி விளக்கு..."

"தெரியும்ங்கறேன். விடியற வரைக்கும் பால்கனியில நின்னு உன் விளக்கத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இந்தப் பழைய பாட்டரி தாங்காதுன்னு ரெண்டு மணிக்கே தெரியும். மேல வருவே, வருவேன்னு பார்த்தேன்."

எனக்கு இப்போது கோபம் வந்தது. "அப்ப தெருகிட்ட ஏன் சொல்லல? ஒரு மணி நேரமா என்ன வச்சுக் கிழிக்கிறாங்க! பம்பர் போச்சு! ஒருத்தன் வந்து கை குடுத்துட்டுப் போறான்!"

"நீயே சொல்லுவியான்னு பார்த்தேன்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கத்துவியான்னு பார்த்தேன். கார் புக்கதான் கத்திப் படிச்ச. பரவால்ல, அதுவாவது வந்துச்சே."

"அப்லா!" சப்ரி பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கெஞ்சினான். "போறதுன்னா போங்க, இருக்கறதுன்னா இருங்க. இமாம் வந்துட்டாரு."

"ஒரு நிமிஷம் சப்ரி," என்றேன் நான். தெருவில் யாரையும் நான் காத்திருக்கச் சொன்னது அதுவே முதல்தடவை.

ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது மாறாமல் இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

"அந்த வேலைய ஒத்துக்கோ," என்றேன்.

இரண்டாவது கேள்வி பாக்கி இருந்தது. அதை அவள் மறுபடி கேட்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

"தந்தாவுல நிலப்பதிவு அலுவலகம் இருக்கு," என்றேன். "மாற்றல் கேட்டு மனு குடுக்கணும். மூணு மாசம் ஆகும். நாலுகூட ஆகலாம். ஞாயித்துக்கிழமை குடுக்கறேன்."

சுஹைர் முன்னால் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினாளா அழுகையையா என்று நான் கேட்கவில்லை.

"இத நேத்து ராத்திரி சொல்லியிருந்தா ஒரு பாட்டரி மிச்சம்," என்றாள்.

"அப்ப இறங்கு. மேல போலாம்."

"இல்ல. போறேன்." கியரைப் போட்டாள். அவள் வண்டி உறுமியது. "கோவம் அப்படியேதான் இருக்கு. ஒரு வரிக்கு ரெண்டு வாரம் கெஞ்ச வச்சிருக்க. தங்கச்சி வீட்டுல நாலு நாள் உக்காந்து உன்னத் திட்டித் தீர்த்தாத்தான் எனக்கு ஆறும். மனுவ எழுதி அனுப்பு, நான் பார்த்துத் திருத்தறேன். நீ எழுதுனா யாருக்கும் கேக்காது."

கிளட்சை விட்டாள். வெள்ளைக் கார் குப்பைத் தொட்டியை உரசிக்கொண்டு வெளியே வந்து, தெருக்கோடியில் இடப்பக்கம் திரும்பியது. அது திரும்பி முடிவதற்குள் சப்ரி பாயை உதைத்து உருட்டிவிட்டான். பச்சை அவள் சக்கரத் தடத்தின் மேல் விரிந்தது.

காலியான இடத்தில், நடைபாதையை ஒட்டி, ஷாபானும் இரண்டு பேரும் என் காரைப் பின்னுக்குத் தள்ளிச் சேர்த்தார்கள். உள்ளே குனிந்து கியரை மறுபடி பி-யில் வைத்தேன். சாவி வந்தது. ஷாபானிடம் நீட்டினேன்.

"இப்ப எதுக்கு?" என்றான். "முதல் வரிசைதான பாஷா?"

"வச்சுக்கோ. எலெக்ட்ரீஷியன் எழுந்ததும் பாட்டரியப் பார்க்கச் சொல்லு."

உம்மு ஹானியின் கத்தியைச் சட்டையில் துடைத்துக் கூடையில் போட்டேன். அவள் கயிற்றை இழுத்ததும் கத்தியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். "நாலு நாள்தானாமே," என்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது. "மூணாவது நாளே போய்க் கூட்டிட்டு வா. மைக்ரோபஸ்ல போ."

கையேட்டை எடுக்கக் கடைசியாக ஒருமுறை காருக்குள் கை நீட்டினேன். அப்போதுதான் தலைக்கு மேலே கண் போனது. விளக்கு அணைந்துதான் இருந்தது. ஆனால் அதன் பொத்தான் நேற்றிரவு நான் தள்ளிய பக்கத்திலேயே நின்றது. புதுப் பாட்டரி போட்டிருந்தாலும் காலைக்குள் அதையும் தின்றிருக்கும்.

அதைத் தள்ளி அணைத்துவிட்டு, பாய்களை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து, மனு எழுத மேலே போனேன்.